துவிச்சக்கரவண்டியின் பிற்சில்லு

துவிச்சக்கரவண்டியிற் பழுதுறும் உறுப்புகள் பல. மிதியின் இறப்பரோ மணியோ இருக்கையின் தோலோ பழுதுற்றாற் கடைக்குச் சென்று பெயரைச் சொல்லி வேறொன்று வாங்கிப் பூட்டிவிடலாம். பிற்சில்லு அவ்வாறு பெயர் சொல்லி வாங்கத்தக்க பொருளன்று. இருபத்தெட்டுச் சில்லொன்று வேண்டும் என்று கேட்பவர்க்குக் கடைக்காரர் இருபத்தெட்டு என்னும் பெயருடைய சில்லொன்றை எடுத்துக் கொடுப்பார். அது வாங்குபவருடைய ரயருக்குப் பொருந்தாமற் போகலாம். ரயருக்குப் பொருந்தினும் வண்டிச் சட்டத்தின் பிற்கவையிற் புகாமற் போகலாம். அங்கே புகுந்தாலும் பிறேக்குக் கட்டைகள் பற்றுதற்கு இடமில்லாத றிம்மாக இருக்கலாம். இவை யாவும் நன்கமைந்தும் ஆறு மாதத்தினுட் கம்பிகள் ஒவ்வொன்றாக அறத் தொடங்குதலும் உண்டு. முதலிற் கூறிய குறைகள் அளவறியாமையால் வருவன. இறுதியிற் கூறியது, சில்லு எவ்வாறு பாரந் தாங்குகின்றது என்பதை அறியாமையால் வருவது. இவ்விரண்டையும் விளக்கி, மாற்றுச் சில்லைத் தெரிந்து வாங்கிப் பூட்டும் முறையையும் ஈண்டுக் கூறுவாம்.

இஃது ஒரு கல்லூரி மலரில் ஆராய்தற்கேற்ற பொருளோ என ஐயுறுவார் யாழ்ப்பாணத்தின் அண்மைக் காலத்தை நினைவுகூர்தல் தகும். 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர்க் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளிலே, ஆசிரியரும் மாணவரும் வணிகரும் நோயாளரும் துவிச்சக்கரவண்டியையே நம்பி வாழ்ந்தனர். விறகுக் கட்டும் மரக்கறி மூடையும் கரியரில் ஏறின. அக்கரியரின் பாரம் முழுவதும் பிற்சில்லின் மேலேயே நின்றது. 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் பெற்றோல் அருகியபொழுது, பல ஆண்டுகள் கொட்டிலிற் சாத்திக் கிடந்த வண்டிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. அவ்வாறு வந்த வண்டிகளிற் பலவற்றின் றிம்கள் உள்ளே துருவேறியிருந்தமையாற் சில்லு மாற்றும் தேவையும் உடன் வந்தது. இன்றும் நாட்கூலிக்குச் செல்பவர் ஒருவர்க்குப் பொருந்தாத சில்லொன்றை வாங்குதல் பல நாட் சம்பளத்தை இழத்தலாகும்.

சில்லின் உறுப்புகளை முதலில் அறிவாம். நடுவிலுள்ளது குடம், கடைக்காரர் அதனை ஹப் என்பர். குடத்தின் இரு பக்கத்தும் துளைகளுடைய விளிம்புகள் உள. அவ்விளிம்புகளிலிருந்து புறப்படும் கம்பிகள் வெளிவட்டமாகிய றிம்மைச் சென்று சேர்கின்றன. கம்பியின் குடப்பக்க நுனி முழங்கைபோல் வளைந்து தலையொன்றையுடையது. றிம்பக்க நுனி புரியுடையதாய் நிப்பிள் என்னும் சிறு பித்தளை நட்டினுள் ஏறுகின்றது. பழந்தமிழர் தேர்ச்சில்லின் நடுவைக் குறடு என்றும், கம்பியின் இடத்திலிருந்த மரக்கால்களை ஆர் என்றும் வழங்கினர். கேத்திரகணித வகுப்பில் நாம் ஆரை என்று கற்பதும் இந்த ஆர் என்னும் சொல்லோடு உறவுடையதே. ஆயினும் துவிச்சக்கரவண்டியின் பிற்சில்லிலே ஆர்கள் ஆரையின் வழிச் செல்வதில்லை. குடத்துக்குத் தொடலிபோலச் சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்கின்றன. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

மாட்டுவண்டிச் சில்லை நோக்குக. அதன் ஆர்கள் தடித்த மரங்கள். பாரம் அச்சிலிருந்து குடத்துக்கு வந்து, அவ்வேளை கீழே நிற்கும் ஆர்களின் வழியாக நிலத்தை அடைகின்றது. அவை வீட்டுத் தூண்கள்போல அமுக்கத்தைத் தாங்குகின்றன. துவிச்சக்கரவண்டிக் கம்பியோ ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பினது. கழற்றியெடுத்த கம்பியொன்றை நிலத்தில் நிறுத்தி உள்ளங்கையால் அமுக்கினால் அது உடனே வளையும். அதே கம்பியை வளையில் மாட்டித் தொங்கவிட்டு, அதன் கீழ்நுனியை ஒருவர் பற்றித் தொங்கினால் அவரைத் தாங்கும். தள்ளுதற்கு உதவாத கம்பி இழுத்தற்கு மிக வல்லது. ஆதலின் இழுவிசை மட்டுமே கம்பிக்கு வருமாறு சில்லை அமைத்தல் வேண்டும். இக்கருத்தை இங்கிலாந்தின் ஜோர்ஜ் கெயிலி என்பார், பறக்கும் பொறிக்கு இலேசான சில்லு வேண்டி 1808ஆம் ஆண்டிலேயே குறித்து வைத்தார். பாரிஸ் நகரத்து இயூஜீன் மேயர் 1869இலே கம்பிச் சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். கொவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்ரார்லி, ஹில்மன் என்பாருடன் 1870இலே கம்பிகளை இறுக்கத்தக்க சில்லொன்றை அமைத்து, 1874இலே கம்பிகளைத் தொடலி வழியாகப் பின்னும் முறைக்கும் காப்புரிமை பெற்றார். இன்று நம் தெருக்களில் ஓடும் சில்லுகளுட் பெரும்பாலன அம்முறையினவே.

இனி, பாரம் எவ்வாறு தாங்கப்படுகின்றது என்பதே கட்டுரைக்கு உயிரான வினா. குடம் மேற்கம்பிகளிலே தொங்குகின்றது என்பார் பலர். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அளந்து பார்த்தோர் கண்டது வேறு. ஒருவர் வண்டியில் ஏறியமர்ந்ததும் மேற்கம்பிகளின் இழுவிசை பெரும்பாலும் மாறுவதில்லை. றிம் நிலத்தை அடுத்த இடத்திற் சிறிதே தட்டையாகின்றது. அவ்விடத்துள்ள சில கம்பிகளின் இழுவிசை மட்டும் தெளிவாகக் குறைகின்றது. 1981இலே வெளிவந்த தம் நூலில் ஜோப்ஸ்ற் பிராண்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இதனைக் கணித்துக் காட்டியுள்ளார். எனவே கீழ்க்கம்பிகள் பாரத்தைத் தாங்குவது தம்மிடத்து முன்னரே இருந்த இழுவிசையை இழப்பதனாலேயாம். சேமித்த பணத்திலிருந்து செலவு செய்வதுபோல என்று கொள்ளலாம். சேமிப்பு 100 ஆக இருக்கச் செலவு 20 ஆயின் 80 எஞ்சும். கம்பி நேராகவே நிற்கும். சேமிப்பே 15 ஆயின் கம்பி முற்றாகத் தளர்ந்துவிடும். தளர்ந்த கம்பி ஒன்றையும் தாங்காது. அதன் பாரம் அயற்கம்பிகளின் மேல் ஏறும். அதன் நிப்பிளும் அதிர்ச்சியால் மெல்ல மெல்லக் கழலும்.

அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. சில்லு ஒருமுறை உருளுந்தோறும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து மீண்டும் இறுகுகின்றது. 28 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீற்றர். ஒரு கிலோமீற்றர் செல்வதற்கு அது 450 முறைக்கு மேல் உருளும். நாடோறும் 10 கிலோமீற்றர் செல்பவருடைய சில்லு ஓராண்டில் 16 இலட்சம் முறைக்கு மேல் உருண்டிருக்கும். ஒரு தகட்டை ஒருமுறை வளைத்தால் உடையாது, பன்முறை வளைத்தால் உடையும் என்பதை யாரும் அறிவர். கம்பியின் முழங்கை வளைவும் குடத்தின் துளையிலே இவ்வாறு அசைந்து அசைந்து உலோகச் சோர்வினால் அறுகின்றது. நன்கு இறுக்கிய கம்பியிலே அவ்வசைவு மிகச் சிறிது. தளர்ந்த கம்பியிலே அது பெரிது. கம்பி அறுந்தால் அளவுக்கு மிஞ்சி இறுக்கியமையாலேயே அறுந்தது எனக் கருதி, எஞ்சியவற்றையும் தளர்த்திவிடுவார் உளர். அது நோய்க்கு எதிர்மருந்து கொடுப்பதற்குப் பதிலாக நோயையே ஊட்டுதல் போலாகும்.

முற்சில்லிலும் பிற்சில்லிலே இத்துன்பம் மிகுதியாதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். ஓட்டுபவருடைய பாரத்திற் பெரும்பகுதி பின்னேயே விழுகின்றது. கரியரில் மூடையோ ஆளோ ஏறினால் அப்பகுதி இன்னும் மிகும். இது வெளிப்படை. இரண்டாவது, ஓட்டும் விசை பிற்சில்லுக்கே வருகின்றது. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர், 170 மில்லிமீற்றர் நீளமான மிதித்தண்டு கிடையாக நிற்கையில் ஒரு மிதியின் மேல் எழுந்து நிற்கின்றார் எனக் கொள்வோம். முற்பற்சில்லு 44 பற்களுடையதாயின் அதன் ஆரை ஏறத்தாழ 89 மில்லிமீற்றர். நெம்புகோல் விதிப்படி சங்கிலியில் வரும் இழுப்பு அவருடைய நிறையினும் இரு மடங்குக்குச் சிறிதே குறைவாக, 115 கிலோகிராம் நிறைக்கு ஒப்பாகும். பின்னே 18 பற்களுடைய சிறு பற்சில்லு இருப்பின், நிலத்தைத் தள்ளும் விசை 12 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான அளவே. 115 என்பது 12 ஆகக் குறைவதற்கு நடுவே நிற்பவை கம்பிகள். குடத்தைத் திருப்பும் விசை அவற்றின் வழியாகவே றிம்முக்குச் செல்லவேண்டும். கம்பிகள் ஆரையின் வழியே நேராக நிற்குமாயின், குடம் சிறிது திரும்பிய பின்னரே அவை றிம்மை இழுக்கத் தொடங்கும். தொடலி வழியாகச் சாய்ந்து நிற்பின் குடம் திரும்பிய அக்கணமே பாதிக் கம்பிகள் இழுக்கும்; மற்றைப் பாதி சிறிது தளரும். ஸ்ரார்லியின் 1874ஆம் ஆண்டுப் பின்னலின் நுட்பம் இதுவே.

மூன்றாவது காரணம் பலராலும் கவனிக்கப்படாதது. பிற்குடத்தின் வலப்பக்கத்திலே பிறீவீல் என்னும் பற்சில்லு இடம் பிடித்துக்கொள்கின்றது. ஆனால் றிம் வண்டியின் நடுக்கோட்டிலேயே ஓடவேண்டும். ஆதலின் வலப்பக்கத்துக் கம்பிகள் நிமிர்ந்தும் இடப்பக்கத்துக் கம்பிகள் சாய்ந்தும் நிற்கின்றன. நிமிர்ந்து நிற்பவை றிம்மைத் தம் பக்கம் இழுப்பதற்கு மிகுந்த இழுவிசை வேண்டும். ஒரு பற்சில்லு மட்டுமுள்ள றலி, ஹம்பர், லுமாலா முதலிய பழைய அமைப்பு வண்டிகளில் இவ்வேறுபாடு சிறிதே. ஆறு ஏழு பற்சில்லுகளையுடைய கியர் வண்டிகளிலோ வலப்பக்க இழுவிசை இடப்பக்கத்திலும் ஏறத்தாழ இரு மடங்காதலும் உண்டு. கியர் வண்டியைப் பாரமேற்றும் தொழிலுக்குக் கொள்வோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. பழைய ஒற்றைப் பற்சில்லு வண்டி சந்தைக்கு மூடை சுமப்பதற்கு இன்றும் ஏற்றதாதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எப்பொழுது சில்லு முழுவதையும் மாற்றவேண்டும்? ஒரு கம்பி அறுந்தால் அக்கம்பியை மட்டும் மாற்றலாம். ஒரு கம்பி மாற்றி ஒரு மாதத்தில் அடுத்தது, அதன் பின் அடுத்தது என்று அறுமாயின் கம்பிகள் யாவும் சோர்வுற்றன என்பது பொருள். அப்பொழுது கம்பிகளை முற்றாக மாற்றுதல் வேண்டும். றிம்மிலே நிப்பிள் துளைகளைச் சுற்றி வெடிப்புக் காணினும், துரு உள்ளிருந்து தகட்டை அரித்திருப்பினும், குழியில் விழுந்து விளிம்பு மடிந்திருப்பினும் றிம் பயன்படாது. குடத்தைச் சோதிப்பதற்குச் சில்லைத் தூக்கி அச்சை விரலாற் சுழற்றிப் பார்க்க; மணல் அரைப்பதுபோன்ற உணர்ச்சி தோன்றின் குண்டுகளோ கோனோ குழிந்துள்ளன. கோனும் குண்டும் மலிவானவை. குடத்தினுள்ளே குண்டுகள் ஓடும் கிண்ணம் குழிந்திருப்பின் குடமே பழுது. குடம் நன்றாயிருந்து றிம்மும் கம்பியும் மட்டும் பழுதாயின், கைதேர்ந்த சைக்கிள் திருத்துநரிடம் அக்குடத்தையே கொடுத்துப் புது றிம்மிற் கட்டுவித்தலே பெரும்பாலும் மேல். இயந்திரத்தால் விரைந்து பின்னி வரும் மலிவுச் சில்லிலும் பழைய இங்கிலாந்துக் குடம் பல்லாண்டு மிகுதியாக உழைக்கும். நல்ல திருத்துநர் கிடைக்காவிடத்தும் குடமும் பழுதாகியவிடத்துமே முழுச் சில்லாக வாங்குதல் வேண்டும்.

வாங்கச் செல்வோர் பெயரை விடுத்து அளவைக் கொண்டு செல்க. 28 என்றும் 26 என்றும் வழங்கும் எண்கள் றிம்மின் அளவல்ல. ஒரு காலத்தில் அந்த றிம்மிற் போட்ட ரயரின் வெளிவிட்டத்தைக் குறித்தவை. ரயரின் தடிப்பு மாறியும் பெயர் மாறவில்லை. அதனால் வந்த குழப்பம் சிறிதன்று. நமது பழைய ஆண்கள் வண்டியின் 28 பெருக்கல் 1½ என்னும் ரயர் அமரும் றிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். 28 என்றே பெயர் கொண்ட வேறொரு வகை 622 மில்லிமீற்றர். 27 என்னும் பெயருடையதோ 630 மில்லிமீற்றர். அஃதாவது 27 என்பது இருபத்தெட்டுகளுள் ஒன்றினும் பெரிது! பெண்கள் வண்டியின் 26 பெருக்கல் 1⅜ என்பது 590 மில்லிமீற்றர். மலைவண்டி எனப்படும் தடித்த ரயர் வண்டியின் 26 என்பது 559 மில்லிமீற்றர். பெயரொன்றாயினும் 31 மில்லிமீற்றர் வேறுபாடு. இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்கே சர்வதேசத் தர நிர்ணயம் இரண்டு எண்களைக் கொண்ட குறியீட்டை வகுத்துள்ளது. ரயரின் பக்கத்தைத் துடைத்து நோக்கின் 40-635 என்றோ 37-590 என்றோ பொறித்திருக்கும். முன்னெண் ரயரின் அகலம். பின்னெண் றிம்மில் ரயர் அமருமிடத்தின் விட்டம். அந்தப் பின்னெண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு செல்க. அது ஒன்றாயின் ரயர் பொருந்தும். ஒன்றாகாவிடின் எப்பெயர் சொல்லினும் பொருந்தாது.

அடுத்து அளக்கவேண்டியது சட்டத்தின் பிற்கவையின் உள்ளகலம். பழைய ஒற்றைப் பற்சில்லு வண்டிகளில் இது 110 மில்லிமீற்றரை ஒட்டியிருக்கும். கியர் வண்டிகளில் 126, 130, 135 எனப் பலவாம். குடத்தின் இரு பூட்டு நட்டுகளின் வெளிப்புறங்களுக்கிடையிலுள்ள தூரம் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். இரண்டொரு மில்லிமீற்றர் குறைந்தால் வாசர் இட்டுச் சரிசெய்யலாம். மிகுந்தால் இரும்புச் சட்டத்தைச் சிறிது விரித்துப் பூட்டுவார் உளர். கைவலிமையாற் பெரிதும் விரித்தல் கூடாது. கவையின் முகங்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகாமல் அச்சே வளையும்.

பிறேக்கைக் கவனியாமற் சில்லு வாங்குதல் ஆபத்தானது. பழைய வண்டிகளின் தண்டுப் பிறேக்கிலே கட்டைகள் றிம்மின் உட்புறத்தை, அஃதாவது குடத்தை நோக்கிய முகத்தை, அழுத்துகின்றன. அதற்கேற்ற றிம் இரு பக்கமும் வளைந்து நடுவிற் பள்ளமுடையது. கயிற்றுப் பிறேக்கிலே கட்டைகள் றிம்மின் பக்கச் சுவர்களைப் பற்றுகின்றன. அதற்குத் தட்டையான பக்கச் சுவர் வேண்டும். ஒன்றுக்குரிய றிம்மை மற்றொன்றுக்கு இட்டால் முற்றத்திற் பார்க்கையிற் பிறேக்குப் பிடிப்பதுபோலத் தோன்றும். மழை நாளில் இறக்கத்திலே உண்மை வெளிப்படும். மேலும், இரும்பு றிம் நனைந்தபொழுது பிறேக்குப் பிடிப்பது மிகவும் குறையும். கயிற்றுப் பிறேக்குடைய வண்டிக்கு அலுமினியக் கலப்பு றிம் கிடைப்பின், விலை சிறிது மிகினும் அதனையே கொள்க.

கம்பித் துளைகளின் எண்ணிக்கை முழுச் சில்லு வாங்குவோர்க்கு முக்கியமன்று. பழைய குடத்திற் புது றிம் கட்டுவிப்போர்க்கு அதுவே முக்கியம். பழைய இங்கிலாந்து வண்டிகளிலே முற்சில்லுக்கு 32 கம்பியும் பிற்சில்லுக்கு 40 கம்பியும் இட்டனர். பாரம் எங்கே விழுகின்றது என்பதை அறிந்து செய்த பகிர்வு அது. பிற்காலத்தில் இரண்டுக்கும் 36 என்பது பெருவழக்காயிற்று. 40 துளைக் குடத்தை 36 துளை றிம்மிற் கட்ட முயலவேண்டா. சங்கிலியிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒற்றைப் பற்சில்லு வண்டியின் சங்கிலி உள்ளே ⅛ அங்குல அகலமுடையது. கியர் வண்டியின் சங்கிலி 3/32 அங்குலம். ஒடுங்கிய சங்கிலி தடித்த பற்சில்லில் அமராது.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உள. சில்லின் அச்சை இரு கைகளாலும் பிடித்துச் சுழற்றி, றிம் பக்கவாட்டில் ஆடுகின்றதா எனப் பார்க்க. பின்னர்க் கம்பிகளை வீணையின் நரம்பைத் தெறிப்பதுபோல விரலாற் தெறித்துக்கொண்டு சுற்றிவருக. ஒரு பக்கத்துக் கம்பிகள் யாவும் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தல் வேண்டும். ஒன்று உயர்ந்தும் அடுத்தது மந்தமாகவும் ஒலிக்குமாயின் சில்லு நேராகச் சுழன்றாலும் இறுக்கம் சமமன்று. அது விரைவிற் கோணும். எல்லாம் மந்தமாகவே ஒலிக்குமாயின் முன்னர்க் கூறிய சேமிப்பு அதனிடத்து இல்லை. கடைகளில் தொங்கும் மலிவுச் சில்லுகளிற் பல இத்தகையனவே. அவற்றை வாங்கக்கூடாதென்பதன்று. அவை முடிந்த பொருள்களல்ல, மூலப்பொருள்கள் என்று அறிந்து வாங்குதல் வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் பழைய சில்லைக் கழற்றுவதற்கு வண்டியைத் தலைகீழாக நிறுத்துக. அச்சின் இரு நட்டுகளையும் தளர்த்தி, மட்காட்டினதும் கரியரினதும் கால்கள் எவ்வொழுங்கில் அச்சிற் கோக்கப்பட்டுள்ளன என்பதைக் குறித்துக்கொள்க. கழற்றிய வாசர்களையும் கால்களையும் அவ்வொழுங்கிலேயே ஒரு நூலிற் கோத்து வைத்தல் எளிய வழி. சில்லை முன்னே தள்ளினாற் சங்கிலி தளரும். அதனைப் பற்சில்லிலிருந்து எடுத்துவிட்டுச் சில்லைப் பின்னே இழுத்தெடுக்கலாம்.

பழைய பிறீவீலைப் புதுச் சில்லுக்கு மாற்றுவதாயின் இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய சில்லுத்தானே என்று முதலிற் கம்பிகளை வெட்டிவிடற்க. பிறீவீல் ஒவ்வொரு மிதிப்பிலும் தன் புரியில் மேலும் இறுகியிருப்பது. அதனைக் கழற்றுதற்குப் பெருவிசை வேண்டும். கழற்றி ஆயுதத்தை மேசைப் பிடிப்பான் என்னும் வைசிற் பூட்டி, அதன்மேற் சில்லை வைத்து, றிம்மை இரு கைகளாலும் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினால் றிம்மின் ஆரையே நீண்ட நெம்புகோலாகி உதவும். கம்பிகளை வெட்டிய பின் கையில் எஞ்சுவது உருண்டைக் குடம் மட்டுமே. அதனைப் பிடித்துத் திருப்புதல் அரிது. புதுக் குடத்தின் புரியிற் கிறீஸ் தடவி, பிறீவீலை முதலிற் கையால் மட்டும் ஏற்றுக. புரி நேராக அமர்ந்தமை தெரிந்த பின்னரே இறுக்குக. மிகுதி இறுக்கத்தை மிதிப்பே செய்துகொள்ளும். பற்சில்லின் பற்கள் சுறாப் பற்கள்போல ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருப்பின் அதனை மாற்றுதல் வேண்டாம், புதியது பூட்டுக. சங்கிலியும் நீண்டிருப்பின் இரண்டையும் ஒருங்கே மாற்றுதலே சிக்கனம்.

ரயர் போடுமுன்னர்ச் சில்லை நேராக்கி இறுக்குதல் நன்று. வெறுஞ் சில்லைப் பிற்கவையிற் பூட்டி, பிறேக்குக் கட்டையையோ சட்டத்திற் கட்டிய ஈர்க்கொன்றையோ றிம்முக்கு அருகே அளவுகோலாக வைத்துச் சுழற்றுக. றிம் வலப்பக்கம் ஒதுங்குமிடத்தில், வலக்கம்பியின் நிப்பிளைக் காற் திருப்புத் தளர்த்தி இடக்கம்பியின் நிப்பிளைக் காற் திருப்பு இறுக்குக. ரயர் அமரும் பக்கத்திலிருந்து நோக்குங்கால் நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்புதல் இறுக்குதலாகும். குடத்தின் பக்கமிருந்து நோக்குவார்க்கு இது எதிராகத் தோன்றும். புதியவர் இவ்விடத்தில் மயங்குவது இயல்பு. ஓரிடத்திலேயே நின்று பலமுறை திருப்பாது, சில்லைச் சுற்றிச் சுற்றி வந்து சிறிது சிறிதாகத் திருத்துக. நேரான பின்னும் ஒலி மந்தமாயிருப்பின், வால்வுத் துளையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நிப்பிளையும் அரைத் திருப்பு இறுக்கி ஒரு முழுச் சுற்று வருக. பின்னர் மீண்டும் நேர்மை பார்க்க.

அதன்பின் செய்யவேண்டியதைச் சிலரே செய்கின்றனர். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து ஒரே திசையிற் செல்லும் கம்பிகளை இரண்டிரண்டாக உள்ளங்கையிற் பிடித்து வலிமையாக நெரிக்க. கம்பியின் முழங்கை குடத்துளையிற் படிந்து அமரும். திருகியிருந்த கம்பி நேராகும். சிற்சில வேளை டிக்கென்று ஒலி கேட்கும். இப்படிச் சில்லைச் சுற்றி நெரித்தபின் சிறிது கோணல் மீண்டும் தோன்றும். அதனைத் திருத்தி மறுபடி நெரிக்க. நெரித்தும் கோணாத நிலை வந்தபொழுது சில்லு முடிந்தது. இதற்கு அரை மணி நேரம் செல்லும். இயந்திரத்தாற் பின்னிய சில்லுக்கும் பல்லாண்டு ஓடும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதி இந்த அரை மணி நேரத்திலேயே அடங்கியுள்ளது.

நிப்பிளுக்கு வெளியே நீண்டு நிற்கும் கம்பி நுனிகளை அரத்தால் அராவி, றிம் நாடாவை இட்டு, ரியூப்பையும் ரயரையும் ஏற்றுக. குடத்தின் கோன்களையும் பார்க்க: அச்சு தடையின்றிச் சுழலவேண்டும், ஆனால் றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. பிற்குடத்திலே பெரும்பாலும் பக்கத்துக்கு 9 ஆகக் கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். புதுக் குடம் என்று நம்பிவிடாது திறந்து பார்த்தாற் கிறீஸ் மிகக் குறைவாக இருப்பதைக் காணலாம்.

சில்லைக் கவையில் ஏற்றிச் சங்கிலியை அமர்த்தி, இழுப்பாணிகளால் இரு பக்கமும் சமமாகப் பின்னே இழுக்க. றிம் சட்டத்தின் இரு கால்களுக்கும் நடுவில் நின்றபின், நட்டுகளை ஒன்றை மட்டும் முற்றாக இறுக்காது மாறி மாறி இறுக்குக. சங்கிலியின் நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ அரை அங்குல ஆட்டம் இருத்தல் வேண்டும். மிதியைச் சுழற்றிச் சங்கிலி மிகவும் இறுகும் இடத்திலேயே இதனைப் பார்க்க. பற்சில்லுகள் முற்றும் வட்டமாயிருப்பதில்லை. இறுகிய சங்கிலி குண்டுகளைத் தேய்க்கும். மிகத் தளர்ந்தது கழன்று விழும். இறுதியிற் பிறேக்குக் கட்டைகளைப் புது றிம்முக்கு ஏற்பச் சரிசெய்து, கட்டை ரயரிற் படாமை கண்டு, வண்டியைக் கையால் உருட்டிப் பிடித்துப் பார்த்த பின்னரே ஏறுக.

புதுச் சில்லிலே முதன்முறை கரியரிற் பாரமேற்றிச் சென்ற மறுநாள் அச்சு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க. இரண்டு கிழமை ஓடியபின் கம்பிகளைத் தெறித்துக் கேட்க. மந்தமாகிய கம்பி இருப்பின் அதனைக் காற் திருப்பு ஏற்றுக. பழைய சில்லின் குடத்திலிருந்து நல்ல குண்டுகளையும் கோன்களையும் நட்டுகளையும் எடுத்து வைக்கலாம். அறாத கம்பிகளைப் பலர் சேர்த்து வைப்பர். வேலிக்குக் கட்டவும் தேங்காய் வாட்டவும் அவை உதவும், மீண்டும் சில்லுக்கு இடுதற்கு உதவா.